குன்னூர்: 1900 வாக்குல கட்டின கட்டடம், சிமெண்ட் பூச்சு உரியுது. சுண்ணாம்புக்கு மாறலாமா?

மலையோரம்:
அப்பர் குன்னூர்ல ரோட்டை ஒட்டின கட்டடம். கீழ கடை, மேல வீடு. 18 இஞ்ச் செங்கல் சுவர், மங்களூர் ஓடு, மூடிக் கிடக்கிற ரெண்டு கணப்பு. வெளிச்சுவருக்கு முன்னாடியே சிமெண்ட் பூசி எமல்ஷன் அடிச்சிருக்காங்க. இப்போ தரையிலிருந்து மூணு அடி உயரம் வரை பெயிண்ட் உப்பிக்கிட்டு வருது, உள்பக்கம் வெள்ளையா உப்பு பூக்குது. கொத்தினா பூச்சோட செங்கல் முகமும் பெயர்ந்து வருது. வாட்டர்ப்ரூஃப் மருந்து கலந்து திரும்ப சிமெண்டே பூசலாம்ங்கிறார் மேஸ்திரி. உரிமையாளருக்கு இங்கிலாந்து லாவனம் ஊர் மாதிரி வெள்ளைச் சுவர், கறுப்புக் கட்டைன்னு முகப்பு வேணுமாம். எதுல ஆரம்பிக்கணும்?

நீறுசுண்ணாம்பு:
மேஸ்திரி சொல்றதைச் செஞ்சா இன்னும் கெடும். அந்தக் காலத்துச் செங்கல் மெத்து, சாந்தும் மெத்து. சுவர் நனையும், வெயில் வந்தா காயும், அதுதான் அதோட கணக்கு. சிமெண்ட் பூச்சுல மயிரிழை விரிசல் விழுந்து அது வழியா மழைத் தண்ணி உள்ள போயிடும், திரும்பி வெளிய வர வழியில்லை. காயற தண்ணி உப்பைப் பூச்சுக்குப் பின்னாடியே விட்டுட்டுப் போகும். உப்பு பொரியும்போது உடையறது பூச்சு இல்லை, அதைவிட மெத்தான செங்கல். நீங்க பாக்கிறது அதைத்தான்.

ஊட்டி கல்பங்களாவைக் கட்ட ஆரம்பிச்சது 1822-ல. போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை கிடைச்சதே 1824-ல. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு அரண்மனை மரத்தை ஏத்திட்டு வந்து கட்டின ஊட்டி ஸ்டீபன்ஸ் சர்ச் 1830. இந்த மலையில மழை தாங்கின சுவரெல்லாம் சிமெண்ட் இல்லாம நின்னதுதான்.

பூச்சுல கை வைக்கிறதுக்கு முன்னாடி ரோட்டைப் பாருங்க. பழைய தாரைச் சுரண்டாம மேல மேல போட்டுப் போட்டு, மலைத் தெருக்கள்ல ரோடு கடைத் தரையைவிட உயர்ந்து நிக்கும். ஈரம் மூணு அடிக்கு ஏறினதுக்கு முக்காவாசி காரணம் அதுதான். வெளி மட்டம் உள் தரையைவிட அரையடியாவது கீழ இருக்கணும். ரோட்டை இறக்க முடியாதுன்னா சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குப் பள்ளம் எடுத்து, அடியில சரிவு கொடுத்து, ஜல்லி நிரப்பி, கடைசியில சாக்கடையோட சேர்த்துடுங்க. கடைக்கால் கல் தெரியற ஆழத்துக்குக் கீழ தோண்டக் கூடாது. இந்த வேலை முடிஞ்சு ஒரு வெயில் காலமாவது சுவர் காயணும்.

சிமெண்டை உளி, சுத்தியல் வெச்சுக் கையால எடுங்க, பிரேக்கர் மெஷின் வேண்டாம். செங்கல்லோட பிடிச்சுக்கிட்டு வராத இடத்தை விட்டுடுங்க. மொத்தமா எடுக்கிறேன்னு பாதிச் செங்கலை எடுத்தவங்க நிறைய.

மலையோரம்:
நன்றி சார். உள்பக்கம் இருக்கிறது சுண்ணாம்பா சிமெண்டான்னு வினிகர் ஊத்திப் பாத்தோம், நுரைச்சுது. அப்போ சுண்ணாம்புதானே? கலவை அளவும் சொன்னா நல்லா இருக்கும். ஆத்து மணல் கிடைக்கலை.

நீறுசுண்ணாம்பு:
வினிகரை நம்ப முடியாது, பழைய சிமெண்டும் நுரைக்கும். சாவியால கீறிப் பாருங்க. மாவா உதிர்ந்து நடுவுல அரிசி அளவு வெள்ளைக் கட்டி தெரிஞ்சா சுண்ணாம்பு. சாம்பல் நிறமா, தட்டினா கணீர்னு கேட்டா சிமெண்ட்.

கலவை: சுண்ணாம்புக் களி (நீத்துத் தண்ணிக்கு அடியில ஊற வெச்ச சுண்ணாம்பு) 1, மணல் 3, ரெண்டும் கொள்ளளவுல. முக்கால் இஞ்ச் கனத்துக்கு 100 சதுர அடிக்குச் சுமார் ஆறேகால் கன அடி மணல், ரெண்டு கன அடிக்குக் கொஞ்சம் மேல களி. களி மணல் இடுக்குக்குள்ள போயிடறதால மொத்தம் மணல் அளவுக்குத்தான் நிக்கும். 3-ம் 1-ம் சேர்ந்து 4 ஆகும்னு கணக்குப் போட்டு வாங்கினா பொருள் பத்தாது. சேதாரத்துக்குப் பத்துல ஒரு பங்கு கூட வெச்சுக்கோங்க.

எம்-சாண்ட் போடலாம், ஆனா அதுல தூசி ஜாஸ்தி. கண்ணாடி பாட்டில்ல பாதி மணல், மேல தண்ணி ஊத்திக் குலுக்கி வைங்க. மேல படியற வண்டல் கனமா இருந்தா கழுவணும். கழுவாம பூசினா சுருங்கி, சிலந்தி வலை மாதிரி வெடிக்கும்.

சுட்ட சுண்ணாம்பு வாங்கி நீத்தறதா இருந்தா இரும்பு டிரம்முல முதல்ல தண்ணி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கல். மாத்தி ஊத்தினா வெடிச்சு முகத்துல தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாம யாரும் பக்கத்துல போக வேண்டாம். சலிச்சு, தண்ணிக்கு அடியில ரெண்டு வாரமாவது ஊறட்டும், மூணு மாசம்னா உத்தமம். ஊறாத கட்டி பூசின பிறகு நீறி, சுவர்ல சின்னக் குழி விழும். ஈரமான கீழ்ப் பகுதிக்கு மட்டும் குறைச்சு வெந்த செங்கல் தூளைச் சலிச்சு, 1 களி, 1 தூள், 2 மணல்னு போடுங்க. சுண்ணாம்பு காத்தை உறிஞ்சித்தான் இறுகும். ஈரம் நிக்கிற இடத்துல அது நடக்காது, செங்கல் தூள் கை கொடுக்கும்.

சுவரை நனைச்சு முதல் கை 10 மி.மீ., ஒரு வாரம் விட்டு அடுத்த கை 8, கடைசியா மெல்லிசா 2. ஈரச் சாக்கு கட்டி ஒரு வாரம் தண்ணி தெளிக்கணும். வெயில்ல சட்டுனு காஞ்சா பொடியாத்தான் உதிரும். பூசின பிறகு எமல்ஷன் பக்கமே போகாதீங்க. பால் பதத்துல சுண்ணாம்பு, நாலைந்து கை. ஒரே கையில கெட்டியா அடிச்சா செதிலா வரும்.

கோத்தகிரி ஓட்டுவீடு:
எல்லாரும் சுவரையே பேசறாங்க, கணப்பை விட்டுட்டீங்களே. புகைக்கூண்டை மேலயும் கீழயும் அடைச்சா உள்ள ஈரம் தேங்கி, கரியோட சேர்ந்து மஞ்சக் கறையா சுவர்ல இறங்கும். அதைப் பெயிண்டால மறைக்க முடியாது. உச்சியில மழை போகாத, காத்து போற மூடி வைங்க, கீழ அடைப்புல ஒரு சல்லடைத் துவாரம் விடுங்க. கூண்டு ஓட்டைத் தொடுற இடத்துல சிமெண்ட் அப்பியிருப்பாங்க. ரெண்டும் ஒரே மாதிரி அசையாது, அதனால வெடிச்சுத் தண்ணி இறங்கும். அங்கே தகடு மடிச்சு, அதோட விளிம்பை செங்கல் இணைப்புக்குள்ள சொருகணும். ஓடு மாத்தறதா இருந்தா 100 சதுர அடிக்கு 150 கணக்கு. பழைய ஓட்டோட பள்ளம் புதுசுக்குப் பொருந்துதான்னு நாலை அடுக்கிப் பாத்துட்டு வாங்குங்க. புதுசும் பழசும் கலந்தா இடைவெளியில சாரல் அடிக்கும்.

பழந்தெரு:
முகப்பு விஷயம். லாவனம் சஃபோக் மாவட்டத்துக் கம்பளி வியாபார ஊர், அங்கே இருக்கிற கில்டு ஹால் (சங்கக் கூடம்) 1530-ஐ ஒட்டியது. அங்கே கட்டைதான் வீட்டைத் தாங்கும் எலும்பு. நிறையக் கட்டடங்களில் கட்டை மேலும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்து வெளிறிய சாம்பல் நிறமாகத்தான் வைத்திருக்கிறார்கள். கன்னங்கரேல் என்று தார் பூசுவது பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம். உங்கள் செங்கல் சுவரில் பலகை அடித்தால் ஒவ்வொரு ஆணி வழியாகவும் தண்ணீர் இறங்கும், பலகைக்குப் பின்னால் சுவர் காயாது. இந்த இரண்டு கெடுதலையும் புதுச் சுண்ணாம்பு மேலேயே செய்யப் போகிறீர்கள் என்பதுதான் வேடிக்கை. வில்லியம் மாரிஸ் 1877-ல் லண்டனில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியதே இப்படிப் புதிதாக வேஷம் கட்டுவதை எதிர்த்துத்தான். காவி கலந்த சுண்ணாம்பு அடித்து, ஜன்னல் மரத்தைச் சுரண்டி எண்ணெய்ப் பெயிண்ட் கொடுங்கள், போதும். கூரை வடிவத்தைத் தொடுவதாக இருந்தால் நகராட்சி அனுமதி இல்லாமல் தொடாதீர்கள்.

நீறுசுண்ணாம்பு:
காலம் சொல்ல மறந்துட்டாங்க யாரும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை கொட்டும், பூச்சு நிக்காது. அடுத்து வர்ற பனிமாசத்துல உறைபனி விழற பள்ளத்துல இருந்தா பச்சைப் பூச்சுல தண்ணி உறைஞ்சு விரிஞ்சு, காலையில தொட்டா கையோட வரும். பிப்ரவரி கடைசியில ஆரம்பிங்க. களியை இப்பவே ஊறப் போடுங்க.