ரப்பர் பேண்டில் எடை தொங்கவிட்டால் நேர்கோடு வரவில்லை, எங்கே கோளாறு?

உசிலை_இயற்பியல்:
பதினொன்றாம் வகுப்புக்கு ஹூக் விதி (விசை நீட்சிக்கு நேர்விகிதம்) செய்முறை. சுருள்வில் போதவில்லை என்பதால் ரப்பர் பேண்ட். ஜன்னல் கம்பியில் மாட்டி, கீழே பிளவு எடைகள், பக்கத்தில் மீட்டர் அளவுகோல். வெறுமனே தொங்கும்போது 80 மி.மீ. நூறு நூறு கிராமாக 800 வரை ஏற்றியபோது நீளம்: 108, 152, 210, 274, 334, 380, 410, 428. ஒவ்வொன்றாக இறக்கியபோது: 420, 402, 372, 322, 254, 182, 122, கடைசியில் எடையே இல்லாமல் 84.

வரைபடம் 'எஸ்' எழுத்து போல வளைகிறது. ஏறிய வழியில் இறங்கவும் இல்லை. எடையைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் நீளம் நிற்காமல் கூடிக்கொண்டே போகிறது. எந்த நேரத்து அளவை எடுப்பது? விசைக்கும் நீட்சிக்கும் உள்ள விகிதமான மாறிலி எவ்வளவு என்று ரெக்கார்டில் எழுதச் சொல்வது?

தராசுமுள்:
சார், கோளாறு ஒண்ணுமே இல்ல. ரப்பர் அப்படித்தான் நீளும், உங்க அளவும் சுத்தமா வந்திருக்கு. ஒவ்வொரு நூறு கிராமுக்கும் எவ்வளவு கூடுச்சுன்னு கழிச்சுப் பாருங்க: 28, 44, 58, 64, 60, 46, 30, 18. முதல்ல விறைப்பு, நடுவுல இளக்கம், கடைசியில மறுபடி விறைப்பு. சுருள்வில்லா இருந்தா எட்டும் ஏறக்குறைய ஒரே எண்ணா வந்திருக்கும்.

எஃகை இழுத்தா அணுக்களுக்கு நடுவுல இடைவெளி கூடுது. ரப்பர்ல நடக்கிறது வேற. நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்கு விழுந்த நூல்கண்டா சுருண்டு கிடக்குது, இழுத்தா அந்தச் சிக்கு நிமிருது. நிமிர இடம் இருக்கிற வரைக்கும் தாராளமா நீளும். நாலஞ்சு மடங்கு போன பிறகு இடம் தீர்ந்துடும். இயற்கை ரப்பரா இருந்தா அதோட சங்கிலிகள் பக்கத்துல பக்கத்துல அடுக்காகிப் படிகமாகி இன்னும் இறுகும். 600 கிராம்ல உங்க பேண்ட் 4.75 மடங்கு. அதுக்கு மேல எடை போட்டும் பெருசா நீளாததுக்கு இதான் காரணம்.

நேரம் பத்தி: எடை மாறாமலே இப்படி மெல்ல நீண்டு ஊர்றது நிக்கவே நிக்காது, ஆனா வேகம் குறைஞ்சுக்கிட்டே வரும். முதல் நொடியிலிருந்து பத்தாவது நொடி வரைக்கும் எவ்வளவு ஊர்ந்துச்சோ, பத்திலிருந்து நூறாவது நொடி வரைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஊரும். அதனால நிக்கட்டும்னு காத்திருக்காதீங்க. எடை வச்ச 60-வது நொடியில வாசிக்கணும்னு முடிவு பண்ணி, ஏத்தும்போதும் இறக்கும்போதும் அதையே கடைப்பிடிங்க. ஒரு பையன் கையில ஸ்டாப்வாட்ச், இன்னொருத்தன் அளவுகோல்கிட்ட.

வெளிவீதி_பட்டறை:
அண்ணே சொன்னது சரி. செய்முறைப் பக்கம் நான் சொல்றேன்.

புது பேண்டை எடுத்து நேரா அளக்கக் கூடாது. முதல் இழுப்பில எப்பவும் கூடுதல் விறைப்பு காட்டும், அடுத்தடுத்த இழுப்பில இளகி ஒரு நிலைக்கு வரும். அதிகபட்ச எடை வரைக்கும் அஞ்சாறு தடவை இழுத்து விட்டு, அஞ்சு நிமிஷம் சும்மா போட்டு, அப்புறம் ஆரம்பிங்க. கடைசியில மிச்சம் நின்ன 4 மி.மீ. இதனால பெரும்பாலும் குறையும். மறுநாள் காலையில அதே பேண்டை அளந்து பாருங்க, அநேகமா 80 பக்கத்துல போயிருக்கும்.

கம்பியில நேரா மாட்டாதீங்க. துருப்பிடிச்ச கம்பி கீறி விட்டுடும், 700-க்கு மேல கீறல்லதான் அறுபடும். 5 அல்லது 6 மி.மீ. வழவழப்பான கம்பியை வளைச்சு மேலயும் கீழயும் கொக்கி. குண்டூசி குத்தி முள் வைக்கிற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, அதுவும் அதே கதிதான். பேண்டோட ஒரு இழையில பால்பாயிண்ட் பேனாவால 50 மி.மீ. இடைவெளியில ரெண்டு கோடு போட்டு, அந்த இடைவெளியை மட்டும் அளங்க. கொக்கியில வளையுற பகுதி கணக்குல வராது. இழுக்க இழுக்கக் கோடும் தடிக்கும், அதனால ரெண்டு கோட்டுலயும் மேல் விளிம்பையே பாருங்க. அளவுகோலுக்குப் பின்னாடி கண்ணாடித் துண்டு ஒட்டினா, சாய்வா பார்க்கிறதால வர்ற இடமாறு தோற்றப்பிழை போயிடும். தையல்காரர் டேப் வேண்டவே வேண்டாம்.

எடையைப் பொத்துனு விடாம கையில தாங்கி மெதுவா விடணும். ஒரு தடவை குதிச்சாலும் அது கூடுதல் எடை போட்ட மாதிரி, அதுக்கப்புறம் வர்ற எல்லா அளவும் கெடும். ஏத்துற வழியில நடுவுல ஒண்ணை எடுத்துட்டுத் திரும்ப வைக்கிறதும் கூடாது. கீழே பழைய துணி போட்ட வாளி, பிள்ளைங்க முகத்தைக் கிட்ட கொண்டுபோக வேணாம்.

பேண்ட் வாங்குறப்போ மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடையில ஒரே பாக்கெட்டா வாங்குங்க. வெயில்ல கிடந்து பிசுபிசுத்தது, மடிச்சா வெடிப்பு தெரியுறது ரெண்டையும் ஒதுக்கிடுங்க.

அலங்காநல்லூர்_ஆய்வகம்:
மாறிலி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 200 முதல் 500 கிராம் வரை உங்கள் புள்ளிகள் கிட்டத்தட்ட நேராக நிற்கின்றன. 300 கிராமுக்கு 182 மி.மீ., அதாவது மீட்டருக்கு 16 நியூட்டன் என்று எழுதத் தோன்றும். எழுதலாம், "இந்த இடைவெளியில் சாய்வு" என்ற பெயரில் மட்டும். அந்தக் கோட்டைக் கீழே நீட்டிப் பாருங்கள்: ஆதிப்புள்ளி வழியாகப் போகாது, நீட்சி சுழியாகும் இடத்தில் 81 கிராம் காட்டும். விசை நீட்சிக்கு நேர்விகிதம் என்பதுதானே ஹூக் 1678-ல் வெளியிட்ட விதி. இங்கே அது இல்லை.

மாறிலியை விட்டுவிட்டு, வரைபடத்தில் ஏற்றக் கோட்டுக்கும் இறக்கக் கோட்டுக்கும் நடுவே உள்ள பரப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள். எனக்கு இந்தச் செய்முறையில் அதுதான் ருசியான பகுதி. ஒவ்வொரு படியிலும் சராசரி எடையை நீள மாற்றத்தால் பெருக்கிக் கூட்டினால் ஏற்றத்துக்கு 1,30,200, இறக்கத்துக்கு 1,09,400 கிராம்-மி.மீ. வருகிறது. 9.8-ஆல் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால் 1.28 ஜூல் கொடுத்து 1.07 ஜூல் திரும்பி வந்திருக்கிறது. காணாமல் போன 16 சதவீதம் பெரும்பாலும் வெப்பம். புத்தகத்தில் 'தயக்கம்' (ஏறிய வழியில் இறங்காமை) என்று வரும் பாடத்துக்கு இதைவிட மலிவான உபகரணம் கிடையாது.

உசிலை_இயற்பியல்:
நன்றி, எல்லோருக்கும். பிளவு எடை ஒரு செட்தான் இருக்கிறது. ஆறு குழுக்கள். நாணயங்களை வைத்துச் செய்யலாமா?

வெளிவீதி_பட்டறை:
நாணயம் வேணாம் சார். ஒரே மதிப்புக்குள்ளயே ஆண்டு மாறினா எடை மாறுது. 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம், 2019 வரிசை 3.09. கலந்து போட்டா நூத்துக்குப் பதினஞ்சு இருபது வரைக்கும் தப்பு வரலாம்.

தண்ணிதான் லேசு. ஒரு லிட்டர் பாட்டில், மெடிக்கல்ல 50 மி.லி. ஊசிக்குழல். ஒரு மி.லி. ஒரு கிராம். காலி பாட்டிலோட எடையைச் சமையல் தராசுல பார்த்து முதல் எடையில சேர்த்துக்குங்க. குளுக்கோஸ் ஏத்துற குழாய் ஒண்ணு இருந்தா இன்னும் நல்லது, குழாயில ஓட்டத்தைக் கட்டுப்படுத்துற உருளையைத் திருப்பி மெல்ல ஏத்தலாம், கீழே வாளி வச்சு மெல்ல இறக்கலாம், குதிப்பே இருக்காது. ஆனா குழாய் பாட்டிலைத் தாங்கக் கூடாது, வாசிக்கும்போது எடுத்துடணும்.

தராசுமுள்:
ஆறு குழுவும் ஒரே வேளையில முடிங்க. எடை தாங்கி நிக்கிற ரப்பர் சூடானா சுருங்கும். ஜான் கஃப்ங்கிறவர் கவனிச்சு 1805-ல வெளியிட்டது, இயற்பியலாளர் ஜூல் 1859-ல அளந்து காட்டினது. காலையில 28 டிகிரி, மதியம் 38-ன்னா அதே நீளத்துக்கு வேண்டிய இழுவிசை சுமார் 3 சதவீதம் கூடும். உங்க பேண்ட்ல 300 கிராம் பக்கத்துல அது அஞ்சாறு மி.மீ. வித்தியாசம். ஃபேனை நிறுத்துங்க, பாட்டில் ஆடினா வாசிக்க முடியாது.