வீராங்கனைக்கு வேறு சொல் உண்டா? (திங்களுக்குள் வேண்டும்)

எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளி அறிவியல் மன்றத்துக்கு, பன்முகத்தன்மை என்ற தலைப்பில் பேனர் எழுதுகிறேன். திங்கட்கிழமை ஃபிளெக்ஸ் கடையில் கொடுக்க வேண்டும். ஃபுளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகத்தில் என் அக்காள் மகள் ஓர் அஸ்ட்ரோனாட்டோடு நின்று படம் எடுத்து அனுப்பினாள். அதில் பிறந்ததுதான் இந்த யோசனை. பேனரில் வருவது இது:

1966-இல் தொடங்கிய ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரில் விண்கல அதிகாரி உஹுராவாக வந்த கறுப்பினப் பெண் நிஷெல் நிக்கல்ஸ். 1977-இல் நாசாவுக்காகப் பெண்களையும் வெள்ளையர் அல்லாதோரையும் விண்ணப்பிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தார். அடுத்த வருடம் தேர்வான 35 பேரில் 6 பேர் பெண்கள். உஹுராவைப் பார்த்து வளர்ந்த டாக்டர் மே ஜெமிசன் 1992-இல் விண்வெளி வீராங்கனையாக விண்ணுக்குப் போனார். மறுவருடம் அந்த வரிசையின் பிந்தைய தொடரில் தலையும் காட்டினார்.

இதை வகுப்பில் வாசித்தபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள்: "மிஸ், இவங்க டாக்டர்தானே, எதுக்கு வீராங்கனை? யார்கூட சண்டை?"

என்னிடம் பதில் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்லாகக் கிடைக்குமா?

– அஸ்தம்பட்டி

*

அம்மா, விடை புறநானூற்றிலேயே இருக்கிறது. 27-ஆம் பாட்டு, "வலவன் ஏவா வான ஊர்தி". வலவன் என்றால் செலுத்துபவன். ஆகவே விண்வலவர். அர் விகுதி இருபாலுக்கும் ஆகும். 'வீராங்கனை'யில் வீரமும் வடசொல், பெண் என்னும் பொருளுள்ள அங்கனையும் வடசொல். பேனரில் ஏற்றவே கூடாது.

– ஆத்தூரான்

*

ஆத்தூராரே, அந்த ஊர்தியில் வலவன் இல்லை என்பதுதானே பாட்டு? ஆளில்லா வண்டியைக் காட்டி ஆளுக்குப் பெயர் வைக்கிறீர்கள். அதோடு ஜெமிசன் வண்டி ஓட்டப் போகவில்லை, ஆய்வு செய்யப் போனார்.

என் சொல் விண்ணோடி. அஸ்ட்ரோனாட்டின் பின்பாதி கிரேக்கத்தில் கப்பலோட்டி. நமக்கும் ஓடுதல் கடற்பயணம்தான். திரைகடல் ஓடித் திரவியம் தேடச் சொன்னவள் ஔவை. அந்த 'நாட்'டும் நம் நாவாயும் ஒரே துறையில் கட்டிய கலங்கள் என்பது என் நெடுநாள் எண்ணம். கண்ணகியின் தந்தை மாநாய்கன் கடல் வணிகர். நாய்கன் என்பது நாயகனின் திரிபு என்பார்கள், நான் ஒப்பவில்லை. அது நாவாயோடு சேர்ந்தது. இதைப் பற்றித் தனியாக எழுத ஆசை. மழையில் இங்கே நெட் போய்ப் போய் வருகிறது.

– ஏற்காட்டார்

*

சார், பேனரில் "அமெரிக்க விண்ணோடி" என்று பார்த்தால் எங்க பாட்டி "யாரோட ஓடினா?" என்றுதான் கேட்கும். நாடோடி வேறு ஞாபகம் வருகிறது.

– செவ்வாய்ப்பேட்டை

*

சொல் தேடவே வேண்டாம். 'வீரர்' ஏற்கெனவே பொதுச்சொல். 'ஒருவர்' இருபாலுக்கும் உரியது என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். ஆசிரியர், மருத்துவர் என்று பெண்களையும் சொல்கிறோம். மருத்துவாங்கனை என்று யாராவது சொல்கிறோமா? அங்கனையைக் கழற்றிவிடுங்கள், போதும். விளையாட்டு வீரர் யாரோடு சண்டை போடுகிறார்?

– ஓமலூர்

*

தலைப்பில் 'பன்முகத்தன்மை' வேண்டாம், 'பல்வகைமை' நன்று. ஒருவருக்கே பல முகம் இருந்தால்தான் பன்முகம். அப்புறம் ஏற்காட்டாரே, ஏற்காடு 'ஏரிக்காடு' என்று நீங்கள் போன மாதம் எழுதியதற்கு என் மறுப்பு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

– ஆத்தூரான்

*

கடைக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். 'வீரர்' பக்கம் நாலு பேர், விண்ணோடிக்கு ஒருவர், விண்வலவருக்கு ஒருவர். எல்லோருக்கும் 'விண்வெளி வீரர்' என்றே போட்டுக் கொடுத்துவிட்டேன். தலைப்பில் பன்முகத்தன்மைதான், பாடப்புத்தகத்தில் பிள்ளைகள் பார்த்த சொல். அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். "சரி மிஸ்" என்றாள். ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

– அஸ்தம்பட்டி

*

ஒப்ப மாட்டாள். இந்தியா விண்ணுக்கு ஆள் அனுப்பும் ககன்யானுக்குத் தேர்வான நாலு பேரும் விமானப்படை விமானிகள், அவர்களுக்கு 'வீரர்' சரி. நாளை நம் ஊரிலிருந்து ஒரு டாக்டரம்மா போகும்போது இதே கேள்வி வரும். விண்ணோடியை நான் கைவிடவில்லை. ஏரிக்காடு பற்றிய பதில் தனி மடலில்.

– ஏற்காட்டார்