கிவி பட்டனில் இணையப் படம் வரவில்லை: மாஞ்செடி ஆப்

சந்தூர் மாஞ்செடி:
வணக்கம். போச்சம்பள்ளி பக்கம் சந்தூரில் எங்களுக்கு மாஞ்செடி நர்சரி. வெளியூர்க்காரர்களுக்கு ரகத்தின் பெயர் பிடிபடுவதில்லை. செடியைப் பார்த்தும் தெரியாது, எல்லாம் ஒரே இலை. அப்பா ஒவ்வொருவருக்கும் கையை மடக்கிக் காட்டுவார்: பெங்களூரா இப்படிக் கிளிமூக்கு வைத்திருக்கும், மல்கோவா இப்படி உருண்டையாக இருக்கும் என்று. நாள் முழுக்க இதே வேலை. அவருக்காகத்தான் பைத்தான் நிரல்மொழியில், கிவி (ஆப்பின் திரையும் பட்டனும் செய்ய உதவும் நிரல் தொகுப்பு) வைத்து ஓர் ஆப் எழுதுகிறேன். ரகத்துக்கு ஒரு பட்டன், அதில் பழத்தின் படம், தொட்டால் விலை. படத்தின் இணைய முகவரியை பட்டனின் 'பேக்ரவுண்ட் நார்மல்' என்ற இடத்தில் கொடுத்தேன். வெறும் சதுரம்தான் தெரிகிறது. மூன்று ராத்திரி போய்விட்டது.

தருமபுரி நிரலர்:
தம்பி, அந்த இடம் போனுக்குள் இருக்கும் கோப்பை மட்டும்தான் எடுக்கும், இணையத்துக்குப் போகாது. இணையப் படத்துக்கு 'ஏசிங்க் இமேஜ்' இருக்கிறது. பின்னணியில் இறக்கிக்கொள்ளும், அதுவரை திரை உறையாது. ஆனால் தொட்டால் அதற்குத் தெரியாது. அதனால் தொடுவதை உணரும் 'பட்டன் பிஹேவியர்', 'ஏசிங்க் இமேஜ்' இரண்டையும் பெற்றோராக வைத்து, இரண்டின் குணமும் இறங்கும்படி ஒரு புது கிளாஸ் (நிரலில் ஒரு பொருளுக்கான அச்சு) எழுதுங்கள். பட்டன் பிஹேவியர் முதலில் வரவேண்டும். மாற்றிப் போட்டால் படம் வரும், தொட்டால் ஒன்றும் நடக்காது. நானும் ஒரு நாள் முழுக்க இதில் மாட்டியிருக்கிறேன்.

படத்துக்குக் கீழே பெயரும் வேண்டுமென்றால் ஏசிங்க் இமேஜுக்குப் பதில், பொருள்களை வரிசையாக அடுக்கும் 'பாக்ஸ் லேஅவுட்'டோடு சேர்த்து, உள்ளே படம் ஒன்று, லேபிள் ஒன்று வையுங்கள்.

சந்தூர் மாஞ்செடி:
வந்துவிட்டது அண்ணா! ஒட்டுக் கட்டுவது போலத்தான்: எது அடிச்செடி, எது மேல்குச்சி என்று மாறக்கூடாது. ஆனால் லேப்டாப்பில்தான் ஓடுகிறது. போனில் ஒரு படமும் வரவில்லை.

ஓசூர் வாசி:
பில்டோசர் (பைத்தான் நிரலைப் போன் ஆப்பாக மாற்றும் கருவி) படிக்கும் ஸ்பெக் என்ற அமைப்புக் கோப்பில் இன்டர்நெட் அனுமதி கொடுத்தீர்களா? அப்புறம், அதே கோப்பில் ஆப்புக்குத் தேவையான தொகுப்புகளைச் சொல்லும் ரிக்வயர்மென்ட்ஸ் வரியில், சான்றிதழ்களைச் சரிபார்க்க உதவும் 'செர்டிஃபை'யும் சேருங்கள். இல்லாவிட்டால் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க முடியாமல் படம் நின்றுவிடும்.

இன்னொன்று, படங்கள் போனில் எடுத்தவையா? 4000க்கு 3000 பிக்சல் படம் கோப்பாக 3 எம்பி இருந்தாலும், திரைக்கு விரியும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஏறக்குறைய 48 எம்பி நினைவகம் தின்னும். ஐந்து ரகத்துக்கே 240. அப்பாவின் போன் பழசு என்றால் ஆப் தானாக மூடிக்கொள்ளும். 400க்கு 300 ஆகச் சுருக்கி ஏற்றுங்கள், அரை எம்பிகூட ஆகாது. பட்டனுக்கு அது தாராளம்.

சந்தூர் மாஞ்செடி:
அனுமதி வரி முன்னால் கமென்ட் குறி இருந்தது, அதனால் அந்த வரியைப் பில்டோசர் கண்டுகொள்ளவே இல்லை. எடுத்துவிட்டேன், எல்லாப் படமும் சுருக்கியாயிற்று, போனில் ஓடுகிறது. இருவருக்கும் ரொம்ப நன்றி. அப்பா செந்தூரா பட்டனைத் தொட்டுப் பார்த்தார். தோள் பக்கம் சிவப்பு ஏறவில்லையாம், முற்றாத காயைப் படம் எடுத்திருக்கிறாய் என்கிறார். சீசனில் அவரையே கூட்டிப்போய் வேறு படம் எடுக்கவேண்டும்.