ஒற்றை 5 வோல்ட்டில் ஏடி8138: அவுட்புட் நடுவில்தான் நிற்கிறது, ஆனாலும் ஒரு பாதி நசுங்குகிறது

கோத்தகிரி_சர்க்யூட்:
தேயிலைத் தொழிற்சாலையில் சிடிசி (இலையை நசுக்கிச் சுருட்டும் இயந்திரம்) மோட்டாரின் பேரிங் அதிர்வைப் பதிவு செய்யும் போர்டு. சென்சார் கண்டிஷனரிலிருந்து பூஜ்யத்தைச் சுற்றி ±200 மில்லிவோல்ட் வருகிறது. அதன் அவுட்புட் மின்தடை 50 ஓம். ஆம்ப்ளிஃபயர் ஏடி8138, ஒரு சிக்னலை எதிரெதிராக ஆடும் இரண்டு அவுட்புட்டாகத் தரும் டிஃபரன்ஷியல் வகை. இரண்டு பக்கமும் இன்புட் மின்தடை ஆர்ஜி 1 கிலோ ஓம், ஃபீட்பேக் மின்தடை ஆர்எஃப் 10 கிலோ ஓம், எல்லாம் 0.1 சதவீதம். மறுபக்க ஆர்ஜி நேராகக் கிரவுண்டுக்குப் போகிறது. அவுட்புட்டின் நடு வோல்டேஜை நிர்ணயிக்கும் விஓசிஎம் பின்னில் ஏடிசி (அனலாக்-டிஜிட்டல் மாற்றி) ரெஃபரன்ஸின் 2.5 வோல்ட், கூடவே 100 நானோஃபாரட்.

பெஞ்சில் ±5 வோல்ட் சப்ளையில் சைன் அலை சுத்தமாக இருந்தது. போர்டில் ஒற்றை 5 வோல்ட் கொடுத்தால், இன்புட் நெகட்டிவாகப் போகும் பாதி தட்டையாகிறது. இரண்டு அவுட்புட்டின் சராசரி அப்போதும் 2.5 வோல்ட்தான். ஒவ்வொன்றும் 1.5 முதல் 3.5 வரைதான் ஆட வேண்டும்; ரெயில் (சப்ளை எல்லை) பக்கமே போகவில்லை. பிறகு எது கிளிப் ஆகிறது? இன்னொன்று: பெஞ்சிலேயே, சிக்னல் இல்லாதபோதும் அவுட்புட்டில் 110 மில்லிவோல்ட் ஆஃப்செட் இருந்தது.

குன்னூர்_அனலாக்:
சராசரி 2.5 என்றால் சராசரியை விஓசிஎம்மில் நிறுத்தும் அவுட்புட் காமன் மோட் லூப் வேலை செய்கிறது, அவ்வளவுதான். இன்புட் பின்கள் எங்கே நிற்கின்றன என்று அது சொல்லாது. அதைப் பார்க்காமல் சிப்பைக் கழற்றி வீசுகிறவர்கள்தான் அதிகம்.

கணக்கு இது: இன்புட் பின் வோல்டேஜ் = விஓசிஎம் × ஆர்ஜி ÷ (ஆர்ஜி + ஆர்எஃப்), அதோடு இன்புட்டின் பாதி × ஆர்எஃப் ÷ (ஆர்ஜி + ஆர்எஃப்). உங்களுக்கு முதல் பகுதி 2.5 ÷ 11 = 0.227 வோல்ட். சிக்னல் அதை ±0.091 ஆட்டும். ஆக பின்கள் 0.136 முதல் 0.318 வரை. ஏடி8138 இன்புட்டுக்கு எதிர் ரெயிலுக்கு (சப்ளையின் நெகட்டிவ் முனை, உங்கள் போர்டில் கிரவுண்டு) மேல் 0.3 வோல்ட் வேண்டும். சிக்னலே இல்லாதபோதும் நீங்கள் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறீர்கள். பெஞ்சில் எதிர் ரெயில் −5 என்பதால் இது வெளியே தெரியவில்லை.

அளந்து பாருங்கள். ஸ்கோப் ப்ரோபை நேராக அந்தப் பின்னில் வைக்காதீர்கள். அதன் சில பிகோஃபாரட்டே ரிங்கிங் உண்டாக்கலாம். மல்டிமீட்டர் முனையில் 10 கிலோ ஓம் தொடராகப் போட்டால் போதும்.

110 மில்லிவோல்ட்டுக்குக் காரணம் அந்த 50 ஓம். சிக்னல் பக்கத்து ஆர்ஜி உண்மையில் 1050 ஓம் ஆகிவிடுவதால் ஃபீட்பேக் விகிதம் ஒரு பக்கம் 0.0950, மறுபக்கம் 0.0909. அந்த வித்தியாசம் 2.5 வோல்ட்டில் ஒரு பங்கை டிஃபரன்ஷியலாக மாற்றிவிடுகிறது. 0.1 சதவீத ரெசிஸ்டர் வாங்கிய காசு இங்கே வீண். கிரவுண்டு பக்கத்திலும் 49.9 ஓம் சேருங்கள்.

கிளிப்பிங்குக்கு எளிய வழி டிஹெச்எஸ்4521 என்ற சிப்புக்கு மாறுவது. அதன் இன்புட் எதிர் ரெயில் வரை இறங்கும், பின் வரிசையும் பொருந்தும். ஆனால் 7வது பின் ஏடி8138இல் சும்மா இருப்பது, இதில் பவர்டவுன். அதை 5 வோல்ட்டில் கட்டாவிட்டால் சிப் உறங்கிவிடலாம்.

கோத்தகிரி_சர்க்யூட்:
அளந்தேன் சார், 0.23 வோல்ட். சிப் மாற்றாமல், இரண்டு இன்புட் பின்னிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் புல்லப் போடலாமா?

குன்னூர்_அனலாக்:
போடலாம், பின்கள் 1.0 வோல்ட்டுக்கு ஏறும். ஆனால் நாய்ஸ் கெயின் (ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சல் பெருகும் மடங்கு) 11இலிருந்து 13.1 ஆகும். கண்டிஷனர் 1 மில்லிஆம்பியரை உள்வாங்க வேண்டும். இரண்டு புல்லப்புக்கும் இடையே 1 சதவீத வித்தியாசம் இருந்தாலே அவுட்புட்டில் 85 மில்லிவோல்ட் ஆஃப்செட். எனக்கு இது பிடிக்காத வழி.

கொடைமலை_மின்:
அதிர்வுக்கு டிசி எதற்கு? இரண்டு ஆர்ஜியோடும் தொடராக 100 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர் போடுங்கள், ப்ளஸ் முனை ஆம்ப்ளிஃபயர் பக்கம். டிசியில் ஆர்ஜி வழியே ஓட்டமில்லை, பின்கள் விஓசிஎம்முக்கே ஏறிவிடும், 110 மில்லிவோல்ட்டும் போய்விடும். கட்ஆஃப் 1.5 ஹெர்ட்ஸ், 10 ஹெர்ட்ஸில் இழப்பு 0.1 டெசிபல்தான். ஒரு பக்கம் மட்டும் போட்டுவிடாதீர்கள். விஓசிஎம் அப்படியே டிஃபரன்ஷியலாகி அவுட்புட் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

மோட்டாருக்கு விஎஃப்டி (வேகத்தை மாற்றும் டிரைவ்) இருந்தால் கெபாசிட்டர் போட இன்னொரு காரணமும் உண்டு. மறுபக்கத்து ஆர்ஜியைப் போர்டு கிரவுண்டில் கட்டாமல், முறுக்கிய ஜோடிக் கேபிளில் கண்டிஷனரின் கிரவுண்டுக்கே கொண்டுபோங்கள். அப்போது கிரவுண்டு வித்தியாசம் சிக்னலில் கலக்காது, ஆனால் அதில் 0.91 பங்கு பின்களை ஆட்டும். 0.3 வோல்ட் ஆடினால் 0.27. டிஹெச்எஸ்4521ஐ நேரடி இணைப்பில் வைத்தாலும் பின்கள் −0.14 வரை இறங்கும், நம்ப முடியாது. கெபாசிட்டர் போட்டு பின்கள் 2.5இல் நின்றால் மேலும் கீழும் இடம் இருக்கிறது.

கோத்தகிரி_சர்க்யூட்:
கெபாசிட்டர் போட்டேன், அலை முழுசாக வருகிறது. பின்கள் மட்டும் 2.5க்குச் சுமார் 35 மில்லிவோல்ட் தள்ளி நிற்கின்றன. கெபாசிட்டர் கசிவா?

குன்னூர்_அனலாக்:
இரண்டு பின்னும் ஒரே அளவு தள்ளியிருந்தால் கசிவு இல்லை. பயஸ் கரண்ட் (இன்புட் பின்னில் ஓடும் சிறு மின்னோட்டம்) சுமார் 3.5 மைக்ரோஆம்பியர், அது 10 கிலோ ஓம் வழியே போகிறது. விட்டுவிடுங்கள். பவர் வந்ததும் பின்கள் 0.23இலிருந்து 1.1 விநாடி டைம் கான்ஸ்டன்ட்டில்தான் ஏறும். முதல் 6 விநாடி ரீடிங்கை ஃபர்ம்வேரில் தள்ளிவிடுங்கள்.