பெண் கோமாளி விழா: 50 நிமிட நிகழ்ச்சியிலிருந்து கபரே இரவுக்கு 7 நிமிடம் எடுப்பது எப்படி?

சுருக்குப்பை:
வணக்கம். ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் 'க்ளவுனின்' போன்ற பெண் கோமாளி விழாக்களில் முழு நிகழ்ச்சிகளோடு, பல நாட்டுக் கலைஞர்கள் ஆளுக்கு 5 முதல் 8 நிமிடம் செய்யும் கபரே இரவும் பெரும்பாலும் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க ஒரு தனி ஆள் நிகழ்ச்சி கையில் இருக்கிறது. 50 நிமிடம், பேச்சு அநேகமாக இல்லை. ஒருத்தி தன்னைத் தானே புகைப்படம் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள், அவ்வளவுதான் கதை. மடக்கு நாற்காலி, குடை, பெட்டி, முக்காலி வைத்த கேமரா, அரை வாளித் தண்ணீர், கொஞ்சம் மைதா.

கேள்விகள் மூன்று. எந்த 7 நிமிடத்தை எடுப்பது? ஒலி, ஒளிக்கு அவர்களுக்கு என்ன எழுதி அனுப்புவது? ரப்பர் மூக்கு வியர்வையில் வழுக்கிக் கீழே இறங்குகிறது, அதற்கு என்ன வழி?

மூன்றாம்மணி:
முதலில் ஒரு எச்சரிக்கை. 50 நிமிடத்தில் எங்கெங்கே பெரிய சிரிப்பு வந்ததோ அந்த இடங்களைப் பொறுக்கி ஒட்டாதீர்கள். 35-வது நிமிடத்தில் வரும் சிரிப்பு அந்தக் குறும்புக்கு மட்டும் வருவதில்லை. அதற்கு முன்னால் அரை மணி நேரம் இவளோடு பழகியதற்கும் சேர்த்து வருவது. வெட்டி எடுத்து முதல் நிமிடத்தில் வைத்தால் அதே குறும்பு அநாதையாக நிற்கும்.

எடுக்க வேண்டியது ஒரு ஆசை, ஒரு பொருள், ஒரு தடை. உங்களிடம் ஆசை தயாராக இருக்கிறது: படத்தில் அழகாக விழ வேண்டும். பொருள், மடக்கு நாற்காலி. குடை, பெட்டி, மைதா எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

தாளில் 5 நிமிடம் 30 நொடிக்கு மேல் எழுதாதீர்கள். மீதி ஒன்றரை நிமிடம் பார்வையாளர்களுடையது. அவர்கள் சிரிக்கும்போது நீங்கள் நிற்க வேண்டும், நின்று அவர்களைப் பார்க்க வேண்டும். தாளிலேயே 7 நிமிடம் நிரப்பியவர்கள் சிரிப்பின் மேலேயே ஏறி ஓடுவார்கள், பிறகு அடுத்த சிரிப்பு வராது. சிரித்தால் தன் அடுத்த வேலை கெட்டுவிடும் என்று மேடையில் இருப்பவள் நினைப்பது பார்வையாளர்களுக்குத் தெரிந்துவிடும்.

நுழைந்து 45 நொடிக்குள் 'இவளுக்கு என்ன வேண்டும்' என்பது கடைசி வரிசைக்குப் புரிந்திருக்க வேண்டும். கேமராவை வைக்கிறாள், நாற்காலியை விரிக்கிறாள், உட்கார்ந்து முகத்தைச் சரிசெய்கிறாள்: போதும். பிறகு மூன்று முயற்சி. முதல் முறை நாற்காலி மடங்குவது பழக்கத்தை உண்டாக்கும், இரண்டாவது அதை உறுதி செய்யும், மூன்றாவது முறை அது மடங்காமல் நிற்க வேண்டும். மடங்குவது வேறொன்றாக இருக்கட்டும். நாலாவது முயற்சி வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நிகழ்ச்சி சாவது அங்கேதான்.

ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு முகம் பார்வையாளரிடம் திரும்ப வேண்டும், பொருளிடம் அல்ல. வரிசை இதுதான்: பொருளைப் பார்க்கிறாள், என்ன நடந்தது என்று உணர்கிறாள், நம்மைப் பார்க்கிறாள். ஒத்திகையில் ஒருவரை எதிரே உட்கார வைத்து, தன்னை நேராகப் பார்க்காத ஒவ்வொரு முறையும் மேசையைத் தட்டச் சொல்லுங்கள். தட்டல் நின்றபிறகு மற்றதைப் பேசலாம்.

வெளியேறுவதை முதலில் முடிவு செய்யுங்கள். கபரேயில் மிகவும் வீணாகும் நேரம், முடிந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல் கலைஞரும் கைதட்டலும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும் அந்த 20 நொடிதான்.

விளக்குமரம்:
ஒலி, ஒளி பற்றி. கபரே இரவில் பத்துப் பேருக்கு ஒரே விளக்கு அமைப்புதான். உங்களுக்கென்று தனி விளக்கு கேட்டாலும் கிடைக்காது, அதனால் ஒரு பக்கக் காகிதம் போதும். மேடையில் தேவையான குறைந்தபட்ச அகலம், ஆழம். எந்தப் பக்கத்திலிருந்து நுழைவு. முன்னாலிருந்து பரவலான வெளிச்சம். பார்வையாளர் பகுதியில் 20 முதல் 30 சதவீத வெளிச்சம். இந்தக் கடைசி வரியை மறக்காமல் எழுதுங்கள். கோமாளிக்கு எதிரே இருக்கும் முகம் தெரிய வேண்டும். நாடகத்துக்குப் பழகிய விளக்குக் கலைஞர் இருட்டடித்து விடுவார், அது அவர் தவறல்ல, நீங்கள் சொல்லவில்லை.

பக்கவாட்டு விளக்கு மட்டும் பலமாக இருந்தால் மூக்கின் நிழல் முகத்தின் பாதியைத் தின்றுவிடும். சிவப்பு வடிகட்டி போட்டால் சிவப்பு மூக்கு வெளிறி, தோலோடு கலந்து மறையும். இரண்டையும் காகிதத்தில் குறிப்பிடுங்கள்.

ஒலிக் கோப்புகளை 01, 02 என்று எண் கொடுத்துத் தனித்தனியாக வையுங்கள். ஒரே நீளக் கோப்பாக வைத்தால் சிரிப்பு நீளும்போது இசை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். இரண்டு யூஎஸ்பி, கூடவே ஒரு பிரதி மின்னஞ்சலில். க்யூ, அதாவது இசையைப் போடச் சொல்லும் அடையாளம், எல்லாம் கண்ணால் பார்க்கக் கூடியதாக இருக்கட்டும்: 'இரண்டாம் முறை நாற்காலி மடங்கியதும், அவள் தலை நிமிரும்போது'. உங்கள் சொல்லைக் க்யூவாக வைத்தால் அங்கே இருப்பவருக்குத் தமிழும் தெரியாது, நீங்கள் முணுமுணுப்பதும் கேட்காது.

இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவில் ஒன்று, ஒன்றரை நிமிடம்தான் கிடைக்கும். எல்லாப் பொருளையும் ஒரே நடையில் நீங்களே தூக்கி வந்து தூக்கிப் போக முடிகிறதா என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். தரையில் குறியிட உங்கள் பட்டை நாடா தனி நிறமாக இருக்கட்டும், மற்றவர்களுடையது ஏற்கெனவே பத்து இடத்தில் ஒட்டியிருக்கும்.

மின்சாரம்: ஆஸ்திரியாவில் நம்மைப் போலவே 230 வோல்ட், பிளக்குக்கு மட்டும் மாற்றி தேவை. இதே மாதிரி விழா நடத்தும் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரத்தில் 127 வோல்ட். அங்கே நம் ஊர் சின்ன மோட்டாரோ முடி உலர்த்தியோ மந்தமாகத்தான் ஓடும்.

சுருக்குப்பை:
மிக்க நன்றி இருவருக்கும். நாற்காலியைக் கட்டாயம் வைக்கிறேன். தண்ணீரை விடத்தான் மனமில்லை, கடைசியில் வாளி கவிழ்வதுதான் முடிவு. சிறு அளவில் வைக்கலாமா?

விளக்குமரம்:
அரைக் கோப்பை ஆனாலும் கூடாது. உங்களுக்கு அடுத்து வருபவர் வெறுங்காலில் கரணம் போடுபவராக இருக்கலாம். தண்ணீரைத் துடைத்தாலும் தரையில் ஈரப்படலம் மிஞ்சும், மைதாவோடு சேர்ந்தால் பசையே ஆகிவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் இடைவேளைக்கு முந்தைய கடைசி இடம் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேளுங்கள், அங்கே போய்ச் சொல்லாதீர்கள். வாளியில் வெட்டிய வெள்ளிக் காகிதமும் வேண்டாம், கூட்டிப் பெருக்க ஐந்து நிமிடம் ஆகும். கனமான நீலத் துணி ஒரே துண்டாக விழுவது நன்றாக வேலை செய்யும், ஒரே இழுப்பில் எடுத்தும் விடலாம்.

ஒப்பனைப்பெட்டி:
மூக்கு விஷயம். எலாஸ்டிக்கைக் காதுக்குக் கீழே கட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன், அநேகமாக எல்லோரும் செய்வது அதுதான். கீழே போனால் மூக்கைக் கீழ்நோக்கி இழுக்கும், நாசியை அமுக்கும், குரலும் சளி பிடித்த மாதிரி ஆகும். காதுக்கு மேலே, பின்னந்தலை மேட்டுக்குச் சற்று மேலாகப் போகட்டும். 1 மில்லிமீட்டர் உருண்டை எலாஸ்டிக், முடியின் நிறத்தில். தலையைச் சுற்றி அளந்து அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து வெட்டுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் இருபது நிமிடத்தில் தலைவலி.

துளையை மூக்கின் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே, சூடான ஊசியால் போடுங்கள். கத்தரியால் வெட்டிய துளை அடுத்த நிகழ்ச்சியில் கிழியும். உள்பக்கம் துணிநாடாத் துண்டு ஒட்டி அதன் வழியே முடிச்சு. அடியில் மூச்சுக்கு இரண்டு துளை, பென்சில் முனை அகலம். வழுக்குவதற்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் ஒப்பனைதான்: எண்ணெய்ப் பூச்சின் மேல் மூக்கை வைக்கிறீர்கள். எண்ணெய் ரப்பரையும் சில மாதத்தில் பிசுபிசுக்க வைத்துவிடும். மூக்கு உட்காரும் இடத்தில் பூச்சே வேண்டாம், துடைத்துப் பவுடர் மட்டும். பசை வேண்டுமென்றால் நீர் கலந்த அக்ரிலிக் வகை. சாராயம் கலந்த பசை எளிதில் தீப்பற்றும், விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள். கையில் இன்னொரு மூக்கு, எலாஸ்டிக் கட்டிய நிலையில், நுழைவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும்.

முகத்தில் வெள்ளையை அள்ளிப் பூச வேண்டாம். வாயைச் சுற்றிய அகலமான வெள்ளை, பெரிய சர்க்கஸ் வட்டத்தின் தூரத்துக்காகப் பிறந்தது. சின்ன அரங்கில் அது முகத்தின் அசைவை மூடிவிடும். புருவத்துக்கு மேல் ஒரு கோடு, கன்னத்தில் நிறம், போதும்.

உடை கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், இந்த விழாக்களில் அதற்குத் தனிப் பொருள் உண்டு. பிரான்சின் ஆனி ஃப்ராத்தெல்லினி (1932–1997) பெரிய கோட்டும் பெரிய காலணியுமாக, ஆண் கோமாளியின் உருவத்துக்குள்ளேயே தன் இடத்தைப் பிடித்தார். ஸ்விட்சர்லாந்தின் கார்டி ஹுட்டர் 1981-லிருந்து செய்யும் ஹன்னா ஒரு சலவைக்காரி: பஞ்சடைத்த உடம்பு, கலைந்த தலை, அழுக்குத் துணி மலை. இரண்டும் செல்லும். நடுவில் மாட்டிக்கொண்டு, அழகும் கெடாமல் கோமாளியும் ஆகப் பார்ப்பதுதான் வேலை செய்யாது. உங்களவள் படத்தில் அழகாக விழ ஆசைப்படுகிறாள், அதனால் அவள் கண்ணுக்கு எது அழகோ அதை முழுதாக உடுத்தட்டும். பஞ்சடைப்பு வைத்தால் உள்ளாடையோடு சேர்த்துத் தையுங்கள், தனியாகக் கட்டினால் மூன்றாவது விழுகையில் வயிறு முதுகுக்குப் போய்விடும். வியர்வையில் நனைந்தது ஒரே இரவில் காயாது, இரண்டு செட் வேண்டும்.

தபால்காரி:
விண்ணப்பம் பற்றிச் சில வரி. இந்த விழாக்களில் முதலாவது ரியோ என்று சிலர் சொல்வார்கள், சரியல்ல. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் உள்ள, கத்தலான் மொழி பேசும் குட்டி நாடான அந்தோராவில் 2001-லேயே தொடங்கிவிட்டது, கத்தலான் கோமாளி பெப்பா பிளானா அதன் கலை இயக்குநராக இருந்தார். ரியோவில் 2005-ல் தொடங்கியது. நடத்துவது 1991-லிருந்து பெண்கள் மட்டுமே இயங்கும் 'அஸ் மரியாஸ் த க்ராசா' குழு. வியன்னா 2006-ல். எதற்கு எழுதுகிறோமோ அந்த விழாவின் சொல்லைக் கவனியுங்கள். ரியோவில் 'பல்யாசா', அந்தோராவில் 'பல்யாசா'வுக்கு நெருங்கிய கத்தலான் சொல், வியன்னாவில் 'க்ளவுனின்', எல்லாமே பெண்பால். தமிழில் கோமாளி என்பது பொதுச்சொல்லாகவே நிற்கிறது, 'பெண்' என்று முன்னால் சேர்த்தாக வேண்டியிருக்கிறது.

காணொளி வெட்டு ஒட்டு இல்லாமல், நிலையான ஒரு கேமராவில், பார்வையாளர் சிரிப்பு கேட்கும்படி அனுப்புங்கள். அழகாகத் தொகுத்த இரண்டு நிமிட முன்னோட்டத்தை வைத்து நேரக்கணக்கை யாராலும் மதிப்பிட முடியாது.

அழைப்புக் கடிதத்தில் ஊதியம் உண்டா, எத்தனை நாள், தங்குமிடம் யார் செலவு என்று மூன்றும் இருக்க வேண்டும். ஆஸ்திரியா உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் ஏற்கமாட்டார்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ. ஊதியம் உண்டென்றால் அதை மறைத்துச் சுற்றுலா என்று எழுதாதீர்கள். ஆஸ்திரியாவில் வெளிநாட்டுக் கலைஞர் ஊதியத்தில் பொதுவாக 20 சதவீதம் வரி பிடிப்பார்கள், அதனால் பேசும் தொகை பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சுருக்குப்பை:
நாற்காலி, நீலத் துணி, கேமரா. மூன்றையும் ஒரே கையில் தூக்க முடிகிறது, 40 நொடி ஆகிறது. தாளில் இப்போது 5:20.

மூன்றாம்மணி:
அந்த 10 நொடியை நிரப்பாதீர்கள். கேமராவின் வெளிச்சம் மின்னிய பிறகு, அவள் அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.