உதவி பெறுபவரை மேடையேற்றுவது முறையா? கொடையைப் பற்றிச் சமய அறநூல்கள் விதிப்பவை

இளவேனில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பொறுப்பு வகிக்கும் குடியிருப்போர் நலச் சங்கம், கல்விக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கி வருகிறது. நிதி தருபவர்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள், சமணர்கள் எனப் பல சமயத்தாரும் உண்டு. ஆண்டு விழாவில் மாணவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, நிதி தந்தவரின் கையாலேயே காசோலையை வழங்கச் செய்து, அந்தப் படத்தைச் செய்திமடலில் வெளியிடுவது இதுவரை எங்கள் வழக்கம். இவ்வாண்டு ஒரு மாணவியின் தாயார், உதவியை நன்றியுடன் ஏற்றுக்கொள்வதாகவும், மேடை மட்டும் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். செயற்குழுவில் கருத்து இரண்டாகப் பிரிந்துவிட்டது. வெளிப்படையாகக் கொடுத்தால்தான் மற்றவர்களும் முன்வருவார்கள் என்று ஒரு சாராரும், எந்தச் சமயமும் இதை ஒப்பாது என்று மறு சாராரும் சொல்கிறார்கள்.

நான் அறிய விரும்புபவை இரண்டு. கொடுப்பதை வெளிப்படுத்துவது பற்றி ஒவ்வொரு சமயத்தின் அறநூலும் உண்மையில் என்ன சொல்கிறது? கொடுப்பது கொடுப்பவரின் கருணையா, அல்லது அவர் மீதுள்ள கடமையா? கடமைதான் என்றால் மேடைக்கே இடமில்லாமல் போய்விடும் என்று எனக்குத் தோன்றுவதால் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறேன். பொதுவாக ‘எல்லாச் சமயமும் அன்பையே போதிக்கின்றன’ என்று சொல்லாமல், நூல்களில் உள்ளதைக் காட்டி விளக்கினால் செயற்குழுவில் எடுத்துரைக்க உதவியாக இருக்கும்.

வளர்பிறை (மறுமொழி)

தங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இஸ்லாத்தில் அதற்குத் தெளிவான விடை உண்டு. ஜகாத் என்பது ஐந்து கடமைகளுள் ஒன்று. தொழுகையைப் போலவே கட்டாயமானது. ஏறத்தாழ 85 கிராம் தங்கத்தின் மதிப்புள்ள செல்வம் ஒருவரிடம் ஒரு சந்திர ஆண்டு முழுவதும் இருந்தால், அதில் 2.5 விழுக்காட்டை அவர் கொடுத்தாக வேண்டும். மழையால் விளைந்த பயிருக்குப் பத்தில் ஒரு பங்கும், உழைத்து நீர் இறைத்து விளைவித்த பயிருக்கு இருபதில் ஒரு பங்கும் என்று விளைச்சலுக்குத் தனி அளவு இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவரின் விருப்பத்துக்கு விடாமல், திருக்குர்ஆன் 9ஆம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டு வகையினரை வரையறுத்துவிடுகிறது. கடனில் மூழ்கியவரும் வழிப்போக்கரும் அவர்களுள் அடங்குவர். 70ஆம் அத்தியாயம் இன்னும் ஒரு படி மேலே சென்று, நல்லடியார்களின் செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் அறியப்பட்ட உரிமை உண்டு என்கிறது. தம் உரிமையைப் பெறுபவர், அதைக் கொடுப்பவருக்கு மேடையில் கடமைப்பட்டு நிற்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

வெளிப்படுத்துவது பற்றி, 2ஆம் அத்தியாயத்தின் 271ஆம் வசனம் தானங்களை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே என்றும், மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் மேல் என்றும் கூறுகிறது. கடமையான ஜகாத்தை வெளிப்படையாகவும், விருப்பக் கொடையை மறைவாகவும் கொடுப்பது சிறப்பு என்று விளக்கவுரையாளர் பலர் கொண்டனர். ஆகவே வெளிப்படைத்தன்மை முற்றிலும் விலக்கப்பட்டது என்று செயற்குழுவில் சொல்லிவிட வேண்டாம், அது சரியன்று. விலக்கப்பட்டிருப்பது வேறொன்று. அதே அத்தியாயத்தின் 264ஆம் வசனம், கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் பெற்றவரைப் புண்படுத்தியும் தானத்தைப் பாழாக்கிவிட வேண்டாம் என்று எச்சரிக்கிறது. 273ஆம் வசனமோ, தன்மானத்தால் கேளாதிருப்பதால் அறியாதவர் செல்வர் என எண்ணிவிடும் வறியவர்களுக்குத் தானம் உரியது என்றும், அவர்களை அவர்தம் அடையாளத்தால் அறியலாம் என்றும் சொல்கிறது. தங்களிடம் மேடை வேண்டாம் என்று சொன்ன அந்தத் தாயார் இவ்வகையினர் என்றே நான் கருதுகிறேன். கொடுக்கப்படுவது ஜகாத் என்பதைப் பெறுபவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்பது சட்ட அறிஞர்களில் பெரும்பான்மையோரின் கருத்து.

ஒலிவமரம் (மறுமொழி)

யூதர்களின் சமயச் சட்டத்தைத் தங்கள் செயற்குழு பார்ப்பது நல்லது. அவர்கள் உங்கள் நிதியாளர்களில் இல்லை என்றாலும், இந்தக் கேள்வியை அவர்கள் அளவுக்கு நுணுக்கமாகப் பிரித்து ஆராய்ந்தவர்கள் குறைவு. வயலை ஓரம்வரை முழுவதும் அறுத்துவிடக் கூடாது, சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது, அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் விதிக்கிறது. வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிச் செல்லக் கூடாது என்பது உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் உள்ளது. இந்த ஏற்பாட்டில் வயலுக்கு உரியவர் எதையும் கையால் எடுத்துக் கொடுப்பதில்லை. ஏழை தானே வந்து, தனக்குரியதைத் தன் உழைப்பால் சேர்த்துக்கொண்டு போகிறார். மோவாபிய விதவையான ரூத், போவாஸின் வயலில் கதிர் பொறுக்கியது இந்தச் சட்டத்தின்படிதான்.

எகிப்தில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடீஸ் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த சட்ட நூலில், கொடையை எட்டுப் படிகளாக வரிசைப்படுத்துகிறார். கடைநிலையில் இருப்பவர் மனமின்றிக் கொடுப்பவர். அவருக்கு மேல், தகுதியினும் குறைவாகவே கொடுத்தாலும் முகமலர்ச்சியோடு கொடுப்பவர். அதற்கும் மேல், கேட்டபின் கொடுப்பவர். பிறகு, கேட்குமுன் கொடுப்பவர். பெறுபவருக்குக் கொடுத்தவரைத் தெரியும், கொடுத்தவருக்குப் பெறுபவரைத் தெரியாது என்பது அடுத்த படி; இதற்கு எடுத்துக்காட்டாக, அந்நாளைய சான்றோர் சிலர் காசைத் துணியில் முடிந்து தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டு நடப்பார்கள் என்றும், ஏழைகள் வெட்கமின்றி அவிழ்த்துக்கொள்வார்கள் என்றும் எழுதுகிறார். கொடுத்தவருக்குத் தெரியும், பெறுபவருக்குத் தெரியாது என்பது அதற்கு மேல். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் இருப்பது இரண்டாம் உயர்படி. எல்லாவற்றுக்கும் மேலான படி, ஒருவர் பிறரிடம் கையேந்தும் நிலை வாராதபடி கடனாகவோ கூட்டுத் தொழிலாகவோ வேலையாகவோ கொடுத்து அவரை நிலைநிறுத்துவது. ஆயிரம் பொற்காசு கொடுத்தாலும் முகம் சுளித்துக் கொடுத்தவர் அதன் பயனை இழந்தார் என்பதும் அவர் எழுதியதே. தங்கள் விழா மேடை இந்த வரிசையில் எங்கே நிற்கும் என்பதைச் செயற்குழுவே எண்ணிப் பார்க்கட்டும்.

கிறித்தவத்தைப் பொறுத்தவரை, மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னது அனைவரும் அறிந்தது: தர்மம் செய்யும்போது தாரை ஊதுவிக்க வேண்டாம், வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும். கடமையா கருணையா என்பதில் கிறித்தவ மரபுக்குள்ளேயே இரு குரல்கள் உண்டு. கட்டாயத்தினால் அல்லாமல் உற்சாகமாய்க் கொடுப்பவரிடமே தேவன் பிரியமாயிருக்கிறார் என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார் பவுல். 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராக இருந்த பசிலியாரோ, நீ பதுக்கி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, உன் பெட்டியில் கிடக்கும் ஆடை ஆடையற்றவனுடையது என்று செல்வரைக் கடிந்து மறையுரை ஆற்றினார். நான் பசிலியாரின் பக்கமே நிற்கிறேன்.

கல்வெட்டுநேயன் (மறுமொழி)

மேலே உள்ளவற்றை மதிப்புடன் படித்தேன். ஆயினும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்லியாக வேண்டும். அதே மத்தேயு நற்செய்தியில், ஓர் அதிகாரம் முன்னதாக, மனிதர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்தும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன், ‘நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டுக என்று ஆணையிட்டான். கொடுத்தவரின் பெயரைக் கல்லில் வெட்டும் மரபு நம் கோயில்களில் நூற்றாண்டுகளாகத் தொடர்ந்தது. அதைத் தற்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. எத்தனை ஆடு, எவ்வளவு நெய், எத்தனை கலம் நெல் என்று அளவோடு எழுதி வைத்ததனால்தான் அறக்கட்டளைகள் தலைமுறை கடந்தும் கணக்குக் கேட்கத்தக்கவையாக நின்றன. எல்லாவற்றையும் மறைவில் செய்யத் தொடங்கினால், உங்கள் சங்கத்தின் நிதி யாருக்குப் போயிற்று என்று நாளை எவரும் கேட்க முடியாது.

மருதம் (மறுமொழி)

கல்வெட்டுநேயன் அவர்கள் எழுப்பிய ஐயம் நியாயமானது. ஆனால் அவர் காட்டிய சான்று, கொடுத்தவரின் பெயரையும் கொடுத்த பொருளின் அளவையும் பற்றியது. வறியவர் ஒருவரை ஊரார் முன் நிறுத்துவதைப் பற்றியதன்று. கணக்கை வெளியிடுவது வேறு, முகத்தை வெளியிடுவது வேறு. கேள்வி கேட்டவரின் மேடையில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டதே சிக்கலுக்குக் காரணம்.

தமிழ் நூல்கள் இதில் மிகவும் கண்டிப்பானவை. ‘வறியார்க்கொன்று ஈவதே ஈகை’ என்று தொடங்கும் 221ஆம் குறள், மற்றக் கொடைகள் எல்லாம் திரும்பப் பெறும் நோக்கத்தோடு கொடுத்தவற்றின் தன்மையுடையவை என்று தள்ளிவிடுகிறது. மேடையில் கிடைக்கும் புகழும் திரும்பப் பெறும் ஒன்றுதானே? 211ஆம் குறள், மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்துவிட முடியும் என்று கேட்டு, கைம்மாறு வேண்டாத செயலையே கடப்பாடு என்கிறது. இளவேனில் அவர்களின் இரண்டாவது கேள்விக்கு வள்ளுவரின் விடை இது. 223ஆம் குறளுக்குச் சொல்லப்படும் உரைகளுள் ஒன்று, ‘இல்லை’ என்னும் துன்பச் சொல்லை இரப்பவர் சொல்லுமுன்பே கொடுப்பது குடிப்பிறந்தாரின் இயல்பு என்பது. ஒலிவமரம் அவர்கள் எழுதிய படிகளுள் ஒன்றை இங்கேயும் காண்கிறோம்.

புறநானூற்று 134ஆம் பாடலில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், இம்மையில் செய்தது மறுமைக்கு உதவும் என்று கணக்கிட்டுக் கொடுக்கும் ‘அறவிலை வணிகன்’ வள்ளல் ஆய் அல்லன் என்று பாடுகிறார். மறுமைப் பயனைக்கூட எதிர்பார்க்கலாகாது என்ற இந்த நிலை, புண்ணியப் பயனை வெளிப்படையாகவே பேசும் பல சமய நூல்களிலிருந்து வேறுபட்டது. பௌத்தக் காப்பியமான மணிமேகலையும், ஈடு செய்ய வல்லவர்க்குக் கொடுப்போரை ‘அறவிலை பகர்வோர்’ என்றே குறித்து, ஆற்றாத மக்களின் அரும்பசியைக் களைவோரிடமே உலகின் மெய்யான வாழ்க்கை உள்ளது என்கிறது. பொதுவாகப் பௌத்தத்தில் துறவிகளாகிய சங்கத்தார்க்கு இடும் உணவு உயர்ந்த புண்ணிய நிலமாகப் போற்றப்படுவதை எண்ணும்போது, சாத்தனார் பசித்தவரை நடுவில் நிறுத்தியிருப்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயம் தானத்தை மூன்றாக வகுக்கிறது. கொடுப்பது கடமை என்று எண்ணி, கைம்மாறு செய்ய இயலாதவருக்கு, தக்க இடத்திலும் காலத்திலும் கொடுப்பது சாத்துவிகம். பயனை நோக்கியோ வருந்தியோ கொடுப்பது இராசதம். மரியாதையின்றி இகழ்ந்து கொடுப்பது தாமசம். கீதை ‘தகுதியுடையவருக்கு’ என்ற நிபந்தனையையும் வைக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பெறுபவரின் பிறப்பை ஆராய்ந்தவர்கள் நம் நாட்டில் நிறையவே இருந்திருக்கிறார்கள், அதனால் நேர்ந்த தீங்கும் பெரிது. சீக்கியர்கள் தங்கள் பொது உணவுக்கூடத்தில் அனைவரையும் ஒரே வரிசையில் தரையில் அமர்த்துவது இதற்கு நேரெதிரான ஏற்பாடு. அங்கே உண்பவர்களுள் ஏழை யார் என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. சமணர் உணவு, மருந்து, கல்வி, அபயம் என நான்கு தானங்களைச் சொல்வர். தங்கள் உதவித்தொகை அவற்றுள் மூன்றாவதைச் சேரும்.

இளவேனில் (மறுமொழி)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்கும் முகமும் வேறு வேறு என்று மருதம் அவர்கள் பிரித்துக் காட்டியது, பிளவுபட்ட இரு சாராரையும் ஒரே மேசையில் அமர வைக்க எனக்குப் போதுமானது. கல்வெட்டுநேயன் அவர்களின் அச்சத்துக்கு மட்டும் நடைமுறையில் ஒரு விடை வேண்டும். பெயர்களை வெளியிடாமல் நிதியைப் பொறுப்போடு வழங்கிய முன்மாதிரி ஏதேனும் உண்டா?

ஒலிவமரம் (மறுமொழி)

உண்டு. யூதச் சட்டத்தில் ஊர்ப் பொதுநிதியைத் தண்டுவதற்குக் குறைந்தது இருவர் சேர்ந்தே செல்ல வேண்டும். பங்கிடுவதற்கு மூவர் வேண்டும், ஏனெனில் யாருக்கு எவ்வளவு என்பது வழக்குத் தீர்ப்பதற்கு ஒப்பானது என்று யூதர்களின் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூது காரணம் சொல்கிறது. விண்ணப்பங்களைப் பார்க்கும் உரிமையைத் தங்கள் சங்கமும் மூன்று பேருக்கு மட்டும் அளிக்கலாம். கட்டணத்தை நேரே பள்ளிக்கோ கல்லூரிக்கோ செலுத்திப் பற்றுச்சீட்டைத் தணிக்கையாளரிடம் கொடுத்துவிடலாம். பொதுக்குழுவில் மொத்தத் தொகையையும் பயன்பெற்ற மாணவர்களின் எண்ணிக்கையையும் படித்தால் போதும். நிதி தந்தவர்களுள் விரும்புவோரின் பெயரை, தொகையோடு, அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். கல்வெட்டுநேயன் அவர்கள் கேட்டதும் அதுதான்.