கொல்லிமலை ரைடின் ஜிபிஎக்ஸ் ஃபைலில் இதயத்துடிப்பு இல்லை, தேதியும் மாறி வருகிறது. உதவி தேவை

காரவள்ளி ரைடர்:
வணக்கம் நண்பர்களே. போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5.10க்குக் மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியிலிருந்து சைக்கிளில் கிளம்பி 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினோம். கையில் ஸ்மார்ட்வாட்ச் இருந்தது, முதுகுப் பையில் இருந்த போனிலும் ஒரு ஆப்பை ஓடவிட்டிருந்தேன். வாட்ச்சுக்கு உரிய ஆப்பில் பார்த்தால் வரைபடம், துடிப்பு, ஏற்றம் எல்லாமே சரியாக இருக்கிறது. எங்கள் குழு வேறு ஆப்பில் இருப்பதால் ஜிபிஎக்ஸ், அதாவது போன வழி பதிவான ஃபைலை எடுத்து அங்கே ஏற்றினேன், வழி வந்தது, துடிப்பு சுத்தமாக வரவில்லை. ஃபைலைக் கணினியில் திறந்தால் தொடங்கிய நேரம் சனிக்கிழமை இரவு 11.40 என்று காட்டுகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் வளைவுகள் பல இடத்தில் வட்டமாக வராமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. போனில் பதிவானது இன்னும் மோசம், பாதி மலைக்கு ஒரே நேர்கோடு. எந்த வளைவில் துடிப்பு எகிறியது என்று தெரிந்தால்தான் அடுத்த மாதம் எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். ஃபைலை இணைத்திருக்கிறேன், யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

சேலம் மிதிவண்டி:
தம்பி, முதல் வேலையாக அந்த இணைப்பை எடுத்துவிடுங்கள். பதிவை வீட்டு வாசலில் வந்துதான் நிறுத்தியிருக்கிறீர்கள் போல. கடைசிப் புள்ளியைப் பெரிதாக்கினால் எந்தத் தெரு, எந்த வீடு என்பது வரைக்கும் தெரிகிறது. முன்னும் பின்னும் ஓர் அரை கிலோமீட்டரை வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். பெரும்பாலான ஆப்களில் இதற்கு 'டிரிம்' அல்லது 'கிராப்' என்று ஒரு வசதி இருக்கும்.

தேதி விஷயத்தில் ஃபைல் மேல் தப்பே இல்லை. ஜிபிஎக்ஸில் நேரம் எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் எழுதப்படும், அந்த வரியின் கடைசியில் இசட் என்ற எழுத்து இருக்கிறது பாருங்கள், அதற்கு அர்த்தம் அதுதான். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஞாயிறு காலை 5.10லிருந்து ஐந்தரையைக் கழித்தால் சனி இரவு 11.40, அப்படியே பொருந்துகிறது. ரைடு ஆப்களில் ஏற்றினால் அவையே மாற்றிக்கொள்ளும். தயவுசெய்து கையால் திருத்தாதீர்கள், திருத்தினால் அங்கே போய் ஐந்தரை மணி தள்ளி நிற்கும்.

காரவள்ளி ரைடர்:
இணைப்பை எடுத்துவிட்டேன் அண்ணா, மிக்க நன்றி. நேரம் புரிந்தது. துடிப்பு?

ஃபிட் ஃபைல் பைத்தியம்:
நான் சொல்கிறேன். ஜிபிஎக்ஸ் என்பது வழியைச் சொல்வதற்காக வந்த வடிவம், இன்று புழக்கத்தில் இருக்கும் 1.1 பதிப்பு 2004இல் வந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் இருக்கும், துடிப்புக்கென்று அதில் தனி இடம் கிடையாது. வாட்ச் நிறுவனமான கார்மின் போட்டுக்கொடுத்த ஒரு கூடுதல் பகுதியில்தான் எல்லோரும் துடிப்பை எழுதுகிறார்கள், சில ஆப்கள் அதை எழுதாமல் விட்டுவிடுகின்றன. நீங்கள் போட்டிருந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தேன், உயரமும் நேரமும் மட்டும்தான் இருந்தன. எனவே எந்த ஆப்பில் ஏற்றினாலும் துடிப்பு வராது.

உங்களுக்கு வேண்டியது ஃபிட் ஃபைல், வாட்ச் தானே எழுதிவைக்கும் மூலப் பதிவு. அது கிடைக்கவில்லை என்றால் டிசிஎக்ஸ் என்ற இன்னொரு ஃபைல் வடிவம், அதில் துடிப்புக்கு இடம் உண்டு. போன் ஆப்பில் இந்த ஃபைல்களை இறக்கும் வசதி இல்லாமல் அதே கணக்கின் வெப்சைட்டில் மட்டும் இருப்பது சகஜம், அதனால் கணினியில் உள்ளே போய்ப் பாருங்கள். உதாரணத்துக்கு கார்மின் கனெக்ட் தளத்தில் ரைடைத் திறந்து பற்சக்கரக் குறியை அழுத்தினால் 'எக்ஸ்போர்ட் ஃபைல்' (முன்பு 'எக்ஸ்போர்ட் ஒரிஜினல்') இருக்கும், ஜிப்பாக இறங்கும், உள்ளே ஃபிட். அப்புறம் அதை வேறு வடிவத்துக்கு மாற்ற ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருள் போதும்.

வளைவு வெட்டுப்படுவது ஏற்றுமதிக் கோளாறு இல்லை, பதிவே அப்படித்தான். உங்கள் ஃபைலில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சராசரியாக ஆறேழு விநாடி. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது 6 விநாடியில் 50 மீட்டர் போய்விடுவீர்கள், கொண்டை ஊசி வளைவு அதற்குள் முடிந்துவிடும். ஆப் இரண்டு புள்ளியையும் நேராக இணைக்கிறது, தூரமும் அதனால் குறைவாகத்தான் காட்டும். வாட்ச்சில் 'ஸ்மார்ட் ரெக்கார்டிங்' (புள்ளிகளை விட்டுவிட்டுப் பதியும் முறை) என்று இருப்பதை 'ஒவ்வொரு விநாடியும்' என்று மாற்றுங்கள். பேட்டரி கொஞ்சம் கூடுதலாக இறங்கும், இருந்தாலும் மலைக்கு இது அவசியம் என்பேன். பாறை மறைக்கும் இடங்களில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதற்கு செட்டிங்ஸில் மருந்து இல்லை.

கோவை ஓட்டம்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஆப்பிள் வாட்ச்சில் எப்படி? ஹெல்த் ஆப்பிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தேன், பெரிய ஜிப் வந்தது, எது எங்கே என்றே தெரியவில்லை.

ஃபிட் ஃபைல் பைத்தியம்:
ஜிப்பைப் பிரித்தால் வொர்க்அவுட் ரூட்ஸ் என்று ஒரு கோப்புறை இருக்கும், ஒவ்வொரு ஓட்டத்தின் வழியும் தனித்தனி ஜிபிஎக்ஸாக அதில் இருக்கும். துடிப்பு அதில் இல்லை, வெளியே இருக்கும் அந்தப் பெரிய எக்ஸ்எம்எல் ஃபைலில் இருக்கிறது. இரண்டையும் நேரம் பார்த்துக் கையால் சேர்ப்பது பெரும்பாடு. ஒரே ஃபைலாக ஃபிட் எடுத்துத் தரும் தனி ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்வதே நல்லது.

சேலம் மிதிவண்டி:
போனில் வந்த நேர்கோட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. திரை அணைந்ததும் பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டு அந்த ஆப்பைத் தூங்கவைத்திருக்கும். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பகுதிக்குப் போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று வையுங்கள், பேட்டரி சேவரையும் அணையுங்கள். போன ரைடில் விட்டுப்போன பகுதி எங்கும் பதிவாகவில்லை, எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

காரவள்ளி ரைடர்:
வெப்சைட்டில் ஒரிஜினல் இருந்தது! ஃபிட் இறக்கி ஏற்றினேன், துடிப்பு வந்துவிட்டது, தேதியும் ஞாயிறு 5.10 என்று சரியாகக் காட்டுகிறது. நான் நினைத்ததுபோல் கடைசி வளைவுகளில் இல்லை, நடுவில் மரநிழல் விட்டு வெயிலுக்கு வரும் இடத்தில்தான் எகிறியிருக்கிறது. வாட்ச்சை விநாடிக்கு ஒரு புள்ளி என்று மாற்றிவிட்டேன். போனில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' வைத்து நாளைக் காலை ஊருக்குள்ளேயே ஒரு சுற்றுப் போய்ச் சோதித்துவிட்டு, முனைகளை வெட்டிய ஃபைலை இங்கே போடுகிறேன்.